எத்தனை முறை பாதியானது? அரை ஆயுட்காலக் கணக்குக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அரை ஆயுட்காலம் 8 நாள் என்றால் 16 நாளில் எல்லாம் தீர்ந்துவிடும். கதிரியக்கப் பாடத்தைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் அடிக்கடி சொல்லும் விடை இது. பாதி போக 8 நாள், மற்றப் பாதி போக இன்னொரு 8 நாள் என்று மனம் கழித்தல் கணக்காகப் போட்டுவிடுகிறது. மெழுகுவர்த்தி எரிவதற்கு அந்தக் கணக்கு சரி. அணுக்கருவுக்குச் சரியில்லை. இரண்டாவது 8 நாளில் சிதைவது தொடக்க அளவின் பாதி அன்று, அப்போது மிஞ்சியிருப்பதின் பாதி. ஆகவே 16 நாளில் கால் பங்கு மிஞ்சும், 24 நாளில் அரைக்கால், 32 நாளில் வீசம்.

நம் பழைய பின்னக் கணக்கே இந்தப் பாடத்துக்கு நல்ல ஏணி. அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று ஒவ்வொரு படியிலும் முந்தியதின் பாதிக்கு இறங்குகிறது: 1/2, 1/4, 1/8, 1/16, 1/32. கதிரியக்கப் பொருளும் இதே ஏணியில்தான் இறங்குகிறது. ஒரு படி இறங்க ஆகும் காலமே அரை ஆயுட்காலம். சில பாடநூல்கள் இதை அரைவாழ்வுக் காலம் என்கின்றன, இரண்டும் ஒன்றே.

தேர்வில் வரும் அரை ஆயுட்காலக் கணக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியின் வேறு வேறு உருவங்கள்: எத்தனை முறை பாதியானது? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் சுமை வெகுவாகக் குறையும்.

முதல் படி: சமன்பாட்டைச் சமன் செய்தல்

கணக்குக்குள் நுழையும் முன் எது எதுவாக மாறுகிறது என்று எழுதத் தெரிய வேண்டும். இங்கே இரண்டு எண்களைக் கவனித்தால் போதும். ஒன்று நிறை எண், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த எண்ணிக்கை. மற்றது அணு எண், அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. கீழே அடைப்புக்குறிக்குள் முதலில் நிறை எண்ணையும் அடுத்து அணு எண்ணையும் எழுதியிருக்கிறோம். ஆல்ஃபா என்பது 2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த துகள், பீட்டா என்பது எலக்ட்ரான்.

ஆல்ஃபா சிதைவு: யுரேனியம் (238, 92) → தோரியம் (234, 90) + ஆல்ஃபா (4, 2)

பீட்டா சிதைவு: கார்பன் (14, 6) → நைட்ரஜன் (14, 7) + பீட்டா (0, −1)

அம்புக்குறிக்கு இரு பக்கமும் நிறை எண்களின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும், அணு எண்களின் கூட்டுத்தொகையும் அப்படியே. காமா கதிர் வெளிப்படும்போது இரண்டு எண்ணும் மாறுவதில்லை, அணுக்கரு தன்னிடம் மிகுதியாக இருந்த ஆற்றலை மட்டும் வெளியே விடுகிறது. இந்த மாற்ற விதியை 1913-இல் ஃபஜான்ஸும் சாடியும் தனித்தனியே வகுத்தார்கள்.

பீட்டா சிதைவில் பலர் தடுமாறுவார்கள். எலக்ட்ரான் வெளியேறுகிறது என்று படித்ததும், அது அணுவின் வெளிக்கூட்டிலிருந்து போகிறது என்று எண்ணி அயனி ஆக்கிவிடுகிறார்கள். அந்த எலக்ட்ரான் வெளிக்கூட்டில் இருந்தது அன்று. அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது அந்தக் கணத்தில் உருவாகி வெளியேறுவது. அதனால்தான் அணு எண் ஒன்று கூடுகிறது, தனிமமே மாறிவிடுகிறது.

ஒரு நீண்ட தொடரில் எத்தனை ஆல்ஃபா, எத்தனை பீட்டா என்று கேட்டால் எப்போதும் நிறை எண்ணிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பீட்டா அதைத் தொடுவதில்லை. தோரியம்-232 கடைசியில் ஈயம்-208 ஆகிறது. நிறை எண்ணில் குறைவு 24. ஓர் ஆல்ஃபாவுக்கு 4 என்றால் 6 ஆல்ஃபா. 6 ஆல்ஃபா போனால் அணு எண் 90-இலிருந்து 12 குறைந்து 78 ஆகியிருக்க வேண்டும். ஈயத்தின் அணு எண்ணோ 82. அந்த 4-ஐ ஏற்றியது 4 பீட்டா. இதே முறையில் யுரேனியம்-238 ஈயம்-206 ஆகும் தொடரைப் போட்டுப் பாருங்கள், 8 ஆல்ஃபா, 6 பீட்டா வர வேண்டும். வராவிட்டால் அணு எண்ணிலிருந்து தொடங்கியிருப்பீர்கள்.

இரண்டாம் படி: புளியங்கொட்டையை எறிந்து பார்த்தல்

சூத்திரத்துக்கு முன் இந்தச் செய்முறையைச் செய்துவிடுவது நல்லது. அரை மணி நேரம்தான் ஆகும், ஆனால் பாடத்தின் மையக் கருத்து கைக்கு வந்துவிடும்.

தேவையானவை: 100 புளியங்கொட்டை, ஒரு தாம்பாளம், 100 துவரம்பருப்பு, வரைபடத்தாள். தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல ஒவ்வொரு கொட்டையின் ஒரு பக்கத்தையும் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளை தெரியும்படி செய்யுங்கள். எல்லாக் கொட்டைகளையும் குலுக்கித் தாம்பாளத்தில் கொட்டுங்கள். வெள்ளைப் பக்கம் மேலே இருப்பவை சிதைந்த அணுக்கள். அவற்றை எடுத்துவிட்டு, எடுத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு துவரம்பருப்பைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். எஞ்சிய கொட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு மறுபடி எறியுங்கள். 10 கொட்டைக்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடலாம். அதற்குப் பிறகு வரும் எண்கள் அலைபாயும், அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வரைபடத்தில் கிடையச்சில் எறிதலின் எண்ணையும் நிலையச்சில் எஞ்சிய கொட்டைகளையும் குறியுங்கள். புள்ளிகளை நேர்க்கோடுகளால் ஒட்டவைக்காமல், அவற்றுக்கு நடுவே ஒரு சீரான வளைகோடு வரையுங்கள். பிறகு வளைகோட்டில் 80-இலிருந்து 40-க்கு இறங்க எத்தனை எறிதல் ஆனது என்று பாருங்கள். 60-இலிருந்து 30-க்கும், 40-இலிருந்து 20-க்கும் அதேபோல் அளந்து பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். எங்கிருந்து தொடங்கினாலும் பாதியாக ஆகும் காலம் மாறுவதில்லை என்பது இதன் பொருள்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நான்கு எறிதல் தாங்கிய கொட்டை ஐந்தாவது எறிதலில் விழக் கூடுதல் வாய்ப்புள்ளதா? இல்லை. கொட்டைக்கு நினைவு இல்லை, அணுக்கருவுக்கும் இல்லை. பூமி தோன்றியதிலிருந்து சிதையாமல் இருக்கும் யுரேனியம்-238 அணுவும், நேற்று உருவான யுரேனியம்-238 அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கு ஒரே வாய்ப்புதான் பெற்றிருக்கின்றன. அணு மூப்படைவதில்லை. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது, கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்திருக்கும்போது எத்தனை சிதையும் என்று மிகத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது, 100 கொட்டையில் சரியாக 50 விழாது. வாய்ப்பு சரிபாதி என்றால், முதல் எறிதலில் 45 முதல் 55 வரை எது வந்தாலும் இயல்பே. ஐந்து குழுக்கள் தங்கள் எண்களைக் கூட்டி 500 கொட்டைக் கணக்காக்கினால் 250-இலிருந்து 11 அளவுக்குத்தான் ஏற்ற இறக்கம் இருக்கும். எண்ணிக்கை கூடக் கூட வளைகோடு வழவழப்பாகும்.

மூன்றாவது, புளியங்கொட்டை நாணயம்போல் இரு பக்கமும் ஒத்தது அன்று. வெள்ளைப் பக்கம் 100-க்கு 40 முறைதான் மேலே விழலாம். அது செய்முறையின் குறையில்லை, அதுதான் அந்தக் கொட்டைக்கே உரிய சிதைவு வாய்ப்பு. ஒவ்வொரு எறிதலிலும் 0.6 பங்கு மிஞ்சினால் பாதியாக 1.36 எறிதல் தேவை. பகடையை எடுத்துக்கொண்டு 6 விழுந்தால் சிதைவு என்று வைத்தால் 3.8 எறிதல் ஆகும். யுரேனியத்துக்கும் அயோடினுக்கும் உள்ள வேறுபாடும் இப்படிப்பட்டதே: ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய வாய்ப்பு.

கிண்ணத்தில் சேர்ந்த துவரம்பருப்பை மறந்துவிடாதீர்கள். கொட்டையும் பருப்பும் சேர்ந்து எப்போதும் 100. ஒரு கிராம் யுரேனியம்-238 ஓர் அரை ஆயுட்காலத்துக்குப் பிறகு காற்றில் கரைந்து அரைக் கிராம் ஆகிவிடாது. பாதி யுரேனியமாகவும், மற்றப் பாதி பெரும்பாலும் ஈயமாகவும் அங்கேயே கிடக்கும். ‘பாதியாகிறது’ என்று சொல்வது தாய் அணுக்களின் எண்ணிக்கையைத்தான், பாத்திரத்தில் உள்ள மொத்த எடையை அன்று.

மூன்றாம் படி: முழு எண்ணில் வரும் கணக்குகள்

அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 நாள். தைராய்டு சிகிச்சையில் பயன்படுவது. 40 மில்லிகிராம் இருந்தால் 32 நாளில் எவ்வளவு?

32 ÷ 8 = 4. நான்கு முறை பாதியாகிறது. 40, 20, 10, 5, 2.5. விடை 2.5 மில்லிகிராம்.

பின்னோக்கியும் போகலாம். ஃபுளூரின்-18-இன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். பெட் ஸ்கேனுக்கான மருந்தில் இது சேர்க்கப்படுகிறது. மருத்துவமனையில் காலை 11 மணிக்கு 370 மெகாபெக்கெரல் (ஒரு மெகாபெக்கெரல் என்பது நொடிக்குப் பத்து லட்சம் சிதைவு) தேவை, மருந்து தயாரான நேரம் 7.20 என்றால், தயாரானபோது எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? இடைவெளி 220 நிமிடம், இரண்டு பாதியாதல். பின்னோக்கிப் போவதால் இரண்டு முறை இரட்டியுங்கள்: 740, 1,480. இவ்வளவு வேகமாகக் குறையும் பொருளைத் தொலைதூர ஊரிலிருந்து வரவழைக்க முடியாது, ஆகவே இதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி ஸ்கேன் செய்யும் இடத்திலிருந்து சில மணி நேரத் தொலைவுக்குள் இருந்தாக வேண்டும்.

‘சிதைந்தது’, ‘எஞ்சியது’ என்ற இரு சொற்களையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். ‘60 நிமிடத்தில் 87.5 விழுக்காடு சிதைந்தது, அரை ஆயுட்காலம் என்ன?’ என்று கேட்டால் உடனே 100-இலிருந்து கழியுங்கள். எஞ்சியது 12.5 விழுக்காடு, அதாவது அரைக்கால். மூன்று முறை பாதியாகியிருக்கிறது. ஒரு முறைக்கு 20 நிமிடம். 87.5-ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டவருக்கு 311 நிமிடம் வரும். 60 நிமிடத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்ட பொருளுக்கு அரை ஆயுட்காலம் 60-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு கணம் யோசித்தாலே பிழை பிடிபடும்.

நான்காம் படி: முழு எண்ணாக வராதபோது

இங்கேதான் மடக்கை தேவைப்படுகிறது. பாடநூல்கள் சிதைவு மாறிலி (ஓர் அணு ஓர் அலகு நேரத்தில் சிதையும் வாய்ப்பு) வழியாகப் போகும் இரண்டு சூத்திரங்களைத் தரும்:

சிதைவு மாறிலி = 0.693 ÷ அரை ஆயுட்காலம்

காலம் = (2.303 ÷ சிதைவு மாறிலி) × மடக்கை (தொடக்க அளவு ÷ எஞ்சிய அளவு)

இரண்டும் சரியானவை, மதிப்பெண்ணுக்காக எழுத வேண்டியிருந்தால் எழுதுங்கள். ஆனால் 0.693 என்பது 2.303-ஐ 2-இன் மடக்கையான 0.3010-ஆல் பெருக்கியதுதான். ஒன்றை மற்றதில் வைத்தால் 2.303 அடிபட்டுப்போய் எளிய வடிவம் கிடைக்கும்:

பாதியாதல்களின் எண்ணிக்கை = மடக்கை (தொடக்க அளவு ÷ எஞ்சிய அளவு) ÷ 0.3010

இதை அரை ஆயுட்காலத்தால் பெருக்கினால் காலம். கையால் போடும்போது பெருக்கல்களில் ஒன்று குறைகிறது, அலகு மாறிப்போகும் வாய்ப்பும் குறைகிறது. விடையைச் சரிபார்ப்பதற்காவது இந்த வடிவத்தை எல்லோரும் கைக்கொள்ள வேண்டும்.

கோபால்ட்-60-இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டு. 10 ஆண்டில் எவ்வளவு மிஞ்சும்? முதலில் மனக்கணக்கில் மதிப்பிடுங்கள்: கிட்டத்தட்ட இரண்டு பாதியாதல், ஆகவே கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். இப்போது துல்லியமாக: 10 ÷ 5.27 = 1.8975. இதை 0.3010-ஆல் பெருக்கினால் 0.5711. அதன் எதிர்மடக்கை 3.725. தொடக்க அளவு எஞ்சியதைப்போல் 3.725 மடங்கு, எனவே எஞ்சியது 1 ÷ 3.725 = 0.268, அதாவது 26.8 விழுக்காடு. மதிப்பீட்டோடு ஒத்துப்போகிறது.

இடைப்பட்ட காலத்துக்கு நேர்விகிதம் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. அரை ஆயுட்காலத்தில் பாதி நேரம் கழிந்தால் 75 விழுக்காடு எஞ்சும் என்று எழுதுவார்கள். உண்மையில் எஞ்சுவது 70.7 விழுக்காடு. தொடக்கத்தில் அணுக்கள் நிறைய இருப்பதால் சிதைவும் நிறைய, பின்னால் இரண்டும் குறைகின்றன.

0.693 ஏன், 0.5 ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தொடக்க வேகமே மாறாமல் நீடித்தால் ஓர் அரை ஆயுட்காலத்தில் 0.693 பங்கு சிதைந்திருக்கும். அணுக்கள் குறையக் குறைய வேகமும் குறைவதால் 0.5 பங்கே சிதைகிறது. தொடக்க வேகம் மாறாமல் இருந்தால் எல்லாம் தீர 1.44 அரை ஆயுட்காலம் ஆகும். அதுவே சராசரி ஆயுட்காலம். வினாத்தாளில் ‘சராசரி’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேதி வினைவேகவியல் படித்தவர்கள் இது முதல் வகை வினையின் கணக்கு என்று கண்டுகொள்வார்கள். சமன்பாடு ஒன்றுதான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சர்க்கரை நீராற்பகுப்படைவதைச் சூடேற்றி விரைவுபடுத்தலாம். கதிரியக்கச் சிதைவைச் சூடாக்கியோ, அமிலத்தில் கரைத்தோ, அழுத்தியோ விரைவுபடுத்த முடியாது. வேதிவினை வெளி எலக்ட்ரான்களுக்குள் நடப்பது, சிதைவு அணுக்கருவுக்குள் நடப்பது. யுரேனியம் உலோகமாக இருந்தாலும் உப்பாக இருந்தாலும் அரை ஆயுட்காலம் அதே 447 கோடி ஆண்டுதான்.

கார்பன்-14: கீழடியை வைத்து ஒரு கணக்கு

உயிருள்ள செடியும் விலங்கும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14-ஐ இடைவிடாமல் பெற்றுக்கொண்டே இருக்கின்றன. இறந்ததும் வரவு நின்று, சிதைவு மட்டும் தொடர்கிறது. அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிபிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பாடநூல் பாணிக் கணக்கு: ஒரு மரத்துண்டில் உயிர்மரத்தில் உள்ளதில் 60 விழுக்காடு கார்பன்-14 இருக்கிறது. 1 ÷ 0.6 = 1.667. அதன் மடக்கை 0.2218. 0.3010-ஆல் வகுக்க 0.737 பாதியாதல். 5,730-ஆல் பெருக்க ஏறத்தாழ 4,220 ஆண்டு.

இப்போது உண்மையான ஒன்று. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அப்படியானால் அதில் எவ்வளவு கார்பன்-14 எஞ்சியிருக்கும்? கதிரியக்கக் கார்பன் கணக்கில் ‘இன்று’ என்பது 1950-ஆம் ஆண்டு. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14-ஐக் கூட்டிவிட்டதால் அதற்கு முன்னுள்ள ஆண்டை நிலையாக வைத்துக்கொண்டார்கள். கி.மு. 580-இலிருந்து 1950 வரை ஏறத்தாழ 2,530 ஆண்டு. 2,530 ÷ 5,730 = 0.4415 பாதியாதல். 0.3010-ஆல் பெருக்க 0.1329, எதிர்மடக்கை 1.358, எஞ்சியது 0.736. முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு.

ஆய்வகம் இப்படி ஒரே வரியில் முடிப்பதில்லை. காற்றில் கார்பன்-14-இன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே மர வளையங்களை வைத்துத் தயாரித்த அளவுத்திருத்த வளைகோட்டோடு ஒப்பிட்டே காலம் சொல்வார்கள். கி.மு. 800 முதல் 400 வரையான காலத்தில் அந்த வளைகோடு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அதாவது அந்த நானூறு ஆண்டில் எந்தக் காலத்துப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே அளவீட்டைத் தரும். தமிழகத்தின் தொடக்க வரலாற்றுக் காலம் இந்தத் தட்டைப் பகுதிக்குள் விழுவதால், ஒற்றை ஆண்டோடு நிற்காமல் அதன் பிழை எல்லையையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கார்பன்-14 உயிரோடு இருந்தவற்றுக்கு மட்டுமே பொருந்தும். கல்லுக்கோ தனிப் பொன்னுக்கோ பொருந்தாது. 10 பாதியாதல் ஆனால் எஞ்சுவது 1,024-இல் ஒரு பங்கு, அதற்கு ஏறத்தாழ 57,000 ஆண்டு ஆகும். நடைமுறையில் 50,000 ஆண்டுக்கு அப்பால் இதை நம்புவதில்லை. டைனோசர் எலும்புக்குக் கார்பன்-14 கணக்கு என்று எங்காவது படித்தால் அது பிழை.

எத்தனை அணு, ஒரு நொடிக்கு எத்தனை சிதைவு

அரை ஆயுட்காலம் நீளமாக இருந்தால் ஆபத்து அதிகம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரே எண்ணிக்கை அணுக்களை எடுத்துக்கொண்டால் நிலைமை நேர்மாறு. சிதைவு வீதம் என்பது சிதைவு மாறிலியையும் அணுக்களின் எண்ணிக்கையையும் பெருக்கியது. அரை ஆயுட்காலம் குறைவாக இருந்தால் மாறிலி பெரிது, ஒரு நொடிக்குச் சிதைவும் அதிகம்.

ரேடியம்-226-இல் ஒரு கிராம் எடுத்துக்கொள்வோம். அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டு. நொடியில் 5.05 × 10¹⁰. இங்கே ஆண்டை நொடியாக மாற்ற மறந்தால் விடை மூன்று கோடி மடங்கு தவறும், ஏனெனில் ஓர் ஆண்டு ஏறத்தாழ 3.156 × 10⁷ நொடி. சிதைவு மாறிலி 0.693 ÷ (5.05 × 10¹⁰) = 1.37 × 10⁻¹¹. அணுக்கள் 6.022 × 10²³ ÷ 226 = 2.66 × 10²¹. இரண்டையும் பெருக்க நொடிக்கு 3.65 × 10¹⁰ சிதைவு வரும். கியூரி என்ற பழைய அலகு 3.7 × 10¹⁰ என்ற விந்தையான எண்ணாக இருப்பதன் காரணம் இதுவே. அது ஒரு கிராம் ரேடியத்தை அடிப்படையாக வைத்துத் தோன்றியது. இன்றைய அலகான பெக்கெரல் நொடிக்கு ஒரு சிதைவு.

ஒரு கிராம் யுரேனியம்-238-க்கு இதே கணக்கைப் போட்டால் நொடிக்கு ஏறத்தாழ 12,400 சிதைவுதான் வரும். ரேடியம் அதைவிட ஏறத்தாழ 30 லட்சம் மடங்கு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கும் தோரியம்-232 இன்னும் மெதுவானது. அதன் அரை ஆயுட்காலம் 1,405 கோடி ஆண்டு. பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்பதால், எந்தத் தோரியம் மணிக்கும் இன்னும் ஒரு பாதியாதல்கூட முடிந்திருக்க வழியில்லை.

கைகர்-முல்லர் எண்ணியோடு செய்முறை செய்பவர்களுக்கு

வசதியுள்ள ஆய்வகங்களில் சீசியம்-137 கலத்திலிருந்து பிரித்த பேரியம்-137எம் (‘எம்’ என்பது அணுக்கரு மிகுதி ஆற்றலோடு இருக்கும் நிலை) கரைசலை வைத்து அரை ஆயுட்காலம் அளப்பார்கள். அது 2.55 நிமிடம், ஒரு வகுப்பு நேரத்துக்குள் முடியும். ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்ய வேண்டும்.

இதில் விடை கெடுவதற்கு முதல் காரணம் பின்னணிக் கதிர்வீச்சைக் கழிக்காமல் விடுவது. கதிரியக்க மூலம் எதுவும் இல்லாதபோதும், கதிர்வீச்சை எண்ணும் அந்தக் கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும், மண், சுவர், விண்வெளி என்று எல்லாத் திசையிலிருந்தும் சிறிது கதிர்வீச்சு வருகிறது. கரைசலைக் கொண்டுவரும் முன்பே 5 நிமிடம் பின்னணியை எண்ணி நிமிடச் சராசரி எடுங்கள்.

கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று எண்களில் பாருங்கள். பின்னணி நிமிடத்துக்கு 24. தொடக்க அளவீடு 824, 5.1 நிமிடத்தில் 224, 10.2 நிமிடத்தில் 74. கழித்தால் 800, 200, 50. முதல் இடைவெளியில் இரண்டு பாதியாதல், அடுத்ததிலும் இரண்டு, அரை ஆயுட்காலம் 2.55 நிமிடம். கழிக்காமல் 824-ஐயும் 224-ஐயும் வைத்தால் 2.71 நிமிடம் வரும். 824-ஐயும் 74-ஐயும் வைத்தால் 2.93. நேரம் போகப் போகப் பிழை வளர்கிறது, ஏனெனில் மூலம் மெலிகிறது, பின்னணி அப்படியே நிற்கிறது. அரை மடக்கைத் தாளில் (நிலையச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள வரைபடத்தாள்) வரைந்தால் நேர்க்கோடாக வர வேண்டியது வால் பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவைப் பார்த்ததும் முதலில் பின்னணியைச் சந்தேகியுங்கள்.

போட்டுப் பார்க்க மூன்று

டெக்னீசியம்-99எம், அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். காலை 6 மணிக்கு 800 மெகாபெக்கெரல். நள்ளிரவில்? 18 மணி நேரம், மூன்று பாதியாதல், 100 மெகாபெக்கெரல்.

ரேடான்-222, அரை ஆயுட்காலம் 3.82 நாள். 90 விழுக்காடு சிதைய எத்தனை நாள்? எஞ்சியது 10 விழுக்காடு, விகிதம் 10, மடக்கை 1. 1 ÷ 0.3010 = 3.32 பாதியாதல், 12.7 நாள். எந்தக் கதிரியக்கப் பொருளுக்கும் 90 விழுக்காடு போக 3.32 பாதியாதல்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பலமுறை உதவும்.

ஒரு கனிமத்தில் 3 யுரேனியம்-238 அணுவுக்கு 1 ஈயம்-206 அணு இருக்கிறது. ஈயம் முழுதும் யுரேனியத்திலிருந்தே வந்தது என்று கொண்டால் கனிமத்தின் வயது என்ன? இதில் பலர் 3-ஐயும் 1-ஐயும் நேரே சூத்திரத்தில் வைப்பார்கள். துவரம்பருப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வோர் ஈய அணுவும் ஒரு காலத்தில் யுரேனியம். எனவே தொடக்க அளவு 4, எஞ்சியது 3. 4 ÷ 3-இன் மடக்கை 0.1249, பாதியாதல் 0.415, வயது ஏறத்தாழ 185 கோடி ஆண்டு.